கடலோர ஊரின் கழிவுநீர் எப்படித் தெளிகிறது?

இராமநாதபுரம் கடற்கரையில் பல இடங்களில் மணலைக் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். குடிக்க எடுக்கும் ஊற்றும் அந்த மணலில்தான், செப்டிக் டேங்கும் அந்த மணலில்தான். டேங்கில் கசிவது ஊற்றையும் தொடும், கடலையும் தொடும். தெற்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் பவளப்பாறைகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. வடக்கே பாக் விரிகுடாவில் ஆவுளியா என்ற கடற்பசு மேயும் கடற்புல் படுகைகள். இப்படிப்பட்ட கரைக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் குடிநீர்க் குழாய்க்குச் சமமான தேவை.

மண்டபம், தொண்டி அளவுள்ள ஊர் என்றால் நிலையம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நுழைவில் கம்பிச் சல்லடை பிளாஸ்டிக்கையும் துணியையும் நிறுத்தும். அப்புறம் மணல் படியும் தொட்டி. மணற்பாங்கான ஊரில் இதை அலட்சியம் செய்தால் பம்பு சீக்கிரமே தேய்ந்துபோகும்.

கரைந்திருக்கும் அழுக்கு எந்தச் சல்லடையிலும் சிக்காது. அதைத் தின்பவை பாக்டீரியாக்கள். காற்றூட்டும் தொட்டியின் அடியிலிருந்து ப்ளோயர் காற்றைக் குமிழிகளாகத் தள்ளுகிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரைந்திருந்தால் அவை நன்றாக வேலை செய்யும். தின்று பெருகி, பிசுபிசுப்பால் ஒன்றோடொன்று ஒட்டிப் பழுப்புத் திரள்களாகும். அடுத்த தொட்டியில் நீர் சலனமில்லாமல் இருக்க, திரள்கள் அடியில் படியும், தெளிந்த நீர் விளிம்பில் வழியும்.

படிந்த சேற்றில் பெரும்பகுதி காற்றூட்டும் தொட்டிக்கே திரும்பிப் போகிறது. நேற்றைய தயிரை எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அதே கணக்கு. 1914-இல் மான்செஸ்டரைச் சேர்ந்த ஆர்டர்ன், லாக்கெட் இருவரும் வெளியிட்ட முறை இது. வெறும் காற்றூட்டி முதல் தடவை கழிவுநீரைத் தெளிய வைக்க அவர்களுக்குச் சுமார் ஐந்து வாரமானது. சேற்றைக் கொட்டாமல் அதன்மேலேயே புதுக் கழிவுநீரை ஊற்றிக்கொண்டே வந்ததும், அது ஒரு நாளுக்குள் முடிந்தது.

நிலையம் நலமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு லிட்டர் கண்ணாடி உருளை போதும். காற்றூட்டும் தொட்டி நீரை அதில் நிரப்பி 30 நிமிடம் ஆட்டாமல் வைப்பார்கள். முதலில் எல்லாம் ஒரே கலங்கல். சில நிமிடங்களில் திரள்கள் கூடி இறங்க, மேலே தெளிநீர் தனியாகப் பிரியும். சேறு 200, 300 மில்லிலிட்டர் கோட்டருகே நின்றால் சரி. 800-லேயே தொங்கினால், பெரும்பாலும் இழை வடிவ பாக்டீரியாக்கள் மிஞ்சிவிட்டன என்று அர்த்தம்.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை உப்பு. விரிசல் விட்ட குழாய்க்குள் உவர்நீர் புகுந்து உப்பு திடீரென ஏறினால் பாக்டீரியாக்கள் திணறும், திரள் கலையும். மெல்ல ஏறினால் ஓரளவு பழகிக்கொள்ளும்.

நீர் தெளிந்துவிட்டால் மட்டும் இந்தக் கடலுக்குப் போதாது என்பது என் உறுதியான எண்ணம். சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றுகிறது. அது கடலில் சேர்ந்தால் பாசி தழைத்து, கடற்புல்லுக்கும் பவளத்துக்கும் வெளிச்சத்தை மறைக்கும். ஆகவே காற்றில்லாத தொட்டி ஒன்றும் வேண்டும். அங்கே வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக வெளியே விட்டுவிடும்.

கடைசியில் குளோரின் கலந்து அரை மணி நேரம் நிறுத்திய நீரைத் தென்னைக்குப் பாய்ச்சலாம். உபரிச் சேற்றை மணல் படுகையில் பரப்பினால், நீர் பாதி கீழே வடியும், மீதியை இந்த மாவட்டத்து வெயில் உலர்த்திவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மட்டும் மேலே கூரை வேண்டும்.