'நிலையான சுற்றுலா'வில் எது நிலைக்கிறது?

போகும் இடத்தின் வளத்தைக் கெடுத்துவிடாமல் நடக்கும் சுற்றுலாவை ஆங்கிலத்தில் சஸ்டெயினபிள் டூரிசம் என்கிறார்கள். அதை 'நிலையான சுற்றுலா' என்று எழுதும் வழக்கம் ஒட்டுவாரொட்டியாகப் பரவிவிட்டது. திட்ட அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம், கருத்தரங்கப் பதாகை, சுற்றுலா நாள் சிறப்பிதழ் என எங்கு பார்த்தாலும் அதுதான். அண்மையில் கண்ணில் பட்ட தலைப்பு ஒன்று: 'நிலையான சுற்றுலா வளர்ச்சிக்கான சர்வதேச கலந்தாலோசனைப் பணி'. இதில் 'சுற்றுலா', 'பணி' இரண்டையும் விட்டுவிடுங்கள். மற்ற நான்கு சொற்களும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. மூலத்தைப் பார்க்காமல் இதற்குப் பொருள் சொல்லக்கூடியவர் இருந்தால் அவருக்கு என் வணக்கம்.

வேர்க்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சஸ்டெயின் என்பது லத்தீன் வழி வந்த சொல்; கீழிருந்து தாங்கிப் பிடித்தல் என்று பொருள். இன்று நாம் புரிந்துகொள்ளும் கருத்து ஜெர்மானியக் காட்டியலில் முளைத்தது. சாக்சனி நாட்டில் வெள்ளிச் சுரங்கங்களும் உருக்காலைகளும் காட்டை விழுங்கிக்கொண்டிருந்தன. அங்கே சுரங்க நிர்வாகத்தின் தலைமையில் இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபொன் கார்லோவிட்ஸ், 1713இல் வெளியிட்ட காட்டியல் நூலில், வளர்கிற அளவுக்கு மேல் வெட்டாதே என்பதை ஒரு கொள்கையாகவே வைத்தார். 1987இல், சூழலையும் வளர்ச்சியையும் ஆராய ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையத்தின் அறிக்கை அதை உலக அரசியலுக்குள் கொண்டுவந்தது. சுற்றுலாவுக்கு அது வந்து சேர்ந்தது 1995இல், ஸ்பெயினின் லான்சரோட்டி தீவில் நடந்த மாநாட்டின் சாசனத்தோடு. ஐ.நா. 2017ஆம் ஆண்டை இதற்கான பன்னாட்டு ஆண்டாக அறிவித்தது. மொழிபெயர்ப்பு அறிக்கைகள் நம் பக்கம் மழையாய்ப் பொழியத் தொடங்கியதும் ஏறத்தாழ அப்போதுதான்.

கார்லோவிட்ஸ் கவலைப்பட்டது மரம் வெட்டும் தொழில் நிலைக்குமா என்று மட்டுமல்ல, காடு குன்றாமல் இருக்குமா என்று. காடு இருந்தால்தான் தொழில். 'நிலையான சுற்றுலா' கோட்டை விடுவது இந்த வரிசையைத்தான்.

தமிழில் 'நிலையான' என்றால் என்ன? நிலையான வருமானம், நிலையான ஆட்சி, வணிகவியல் பாடத்தில் வரும் நிலையான சொத்து. அசையாதது, மாறாதது, விட்டுப்போகாதது. 'நிலையான சுற்றுலா வளர்ச்சி' என்ற தொடரை ஊட்டியில் விடுதி நடத்தும் ஒருவரிடம் காட்டினால் அவர் எப்படிப் படிப்பார்? ஆண்டுதோறும் கூட்டம் தடையில்லாமல் கூடிக்கொண்டே போக வேண்டும் என்றுதான். தமிழ் இலக்கணப்படி அவர் படித்தது சரி. 'நிலையான' என்ற அடைமொழி போய் உட்காருவது வளர்ச்சியின் மேல். ஆக, கூட்டத்துக்கு ஒரு வரம்பு வேண்டும் என்று சொல்ல எழுதிய அறிக்கை, கூட்டம் வரம்பின்றிப் பெருக வேண்டும் என்று தமிழில் சொல்லிவிடுகிறது. சின்னப் பிழை என்று இதைத் தள்ளிவிட முடியுமா? மூலத்தின் நேர் எதிர்ப்பொருள் அல்லவா இது!

பிலிப்பைன்ஸின் போரகாய் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 வரை அங்கே சுற்றுலா மிகமிக 'நிலையாக' இருந்தது. பயணிகள் வந்தார்கள், பணம் வந்தது, விடுதிகள் கடற்கரைவரை நெருக்கிக் கட்டப்பட்டன. கழிவுநீர் கடலுக்குப் போயிற்று. அன்றைய அதிபர் துதெர்த்தே அதைச் சாக்கடைக் குழி என்றே சொல்லி, 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதம் தீவை இழுத்து மூடினார். அக்டோபரில் திறந்தபோது, ஒரே நேரத்தில் 19,215 பயணிகளுக்கு மேல் தீவில் இருக்கக் கூடாது, நாளொன்றுக்கு 6,405 பேருக்கு மேல் வரக் கூடாது என்று கணக்கு வைத்தார்கள். நம் மொழிபெயர்ப்பாளர் அகராதியின்படி மூடுவதற்கு முந்தைய போரகாய்தான் நிலையான சுற்றுலா. மூடியதும் எண்ணிக்கையைக் கட்டியதும் நிலைகுலைவு!

தாய்லாந்தின் மாயா விரிகுடா இன்னும் தெளிவான சான்று. நாளுக்கு ஐயாயிரம் பேர்வரை வந்து குவிந்த அந்தச் சின்னக் கடற்கரையில் படகுகளின் நங்கூரம் பவளப்பாறைகளை நொறுக்கியது. 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இப்போது படகு விரிகுடாவுக்குள் வரக் கூடாது, தீவின் பின்புறம் இறங்கி நடந்து வர வேண்டும், நீந்தத் தடை, ஆண்டில் இரண்டு மாதம் மொத்தமாகவே மூடல். மூடியிருந்த காலத்தில் கருநுனித் துடுப்புச் சுறாக்கள் திரும்பி வந்தன. நின்று நின்று நடக்கிற சுற்றுலா இது. இதை 'நிலையான' என்று எந்த வாயால் சொல்வது?

பூட்டானின் கதையில் நகைச்சுவையும் உண்டு. அந்நாடு வெளிநாட்டுப் பயணியிடம் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம் வாங்குகிறது. அதன் பெயரிலேயே 'சஸ்டெயினபிள் டெவலப்மென்ட்' இருப்பதால், தமிழ்ப் பயணக் குறிப்புகளில் அது 'நிலையான வளர்ச்சிக் கட்டணம்' ஆகிவிட்டது. படிப்பவர், சரி, மாறாத கட்டணம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். 65 டாலராக இருந்தது 2022 செப்டம்பரில் 200 ஆனது, அடுத்த ஆண்டே 100க்கு இறங்கியது. இந்தியருக்கு 1,200 ரூபாய். இப்படி ஏறி இறங்கும் ஒன்றுக்குத்தான் 'நிலையான' என்று பெயர் சூட்டியிருக்கிறோம். 'வளங்காப்புக் கட்டணம்' என்றிருந்தால் எதற்காக வாங்குகிறார்கள் என்பதாவது விளங்கியிருக்கும்.

இனி மற்ற போட்டிச் சொற்கள். 'நீடித்த' என்பது தமிழ்நாட்டு அரசு வழக்கில் உண்டு. அதுவும் தனியாக வராமல் 'நீடித்த நிலையான' என்று இரட்டையாக வருகிறது. ஒன்று போதவில்லை என்று இன்னொன்றைச் சேர்த்திருக்கிறார்கள். 'நீடித்த' இறந்தகாலப் பெயரெச்சம். நீடித்த மழை, நீடித்த காய்ச்சல், நீடித்த வேலைநிறுத்தம். ஏற்கெனவே நீண்டுவிட்டது, எப்போது முடியுமோ என்ற சலிப்பு அதில் ஏறியிருக்கிறது. மூலச்சொல்லின் விகுதியில் உள்ள 'தக்க' என்ற கருத்துக்கு அதில் இடமே இல்லை.

'பேண்தகு' கேட்க அழகு. நம் பக்கத்துச் சூழலியல் எழுத்துகளிலும் ஈழத்து எழுத்துகளிலும் கண்டிருக்கிறேன். பேணத்தக்க என்று விரித்துப் பாருங்கள்: பேணத்தக்க சுற்றுலா. பேண வேண்டியது மலையையா, கடலையா, சுற்றுலாவையா? இந்தச் சொல் சுற்றுலாவையே பேணச் சொல்கிறது. வளர்ச்சியோடு சேரும்போது தப்பித்துக்கொள்ளும் சொல், சுற்றுலாவோடு சேரும்போது விடுதிச் சங்கத்தின் முழக்கமாகிவிடுகிறது. இலங்கை அரச ஆவணங்களின் 'நிலைபேறான' இவற்றுள் மேலானது. 'நிலைபேறு' என்பது பெற்று அடைய வேண்டிய ஒரு நிலை என்ற பொருளைத் தருகிறது. அன்றாடப் பேச்சில் புழங்காததால் பழைய பொருள்கள் வந்து ஒட்டிக்கொள்ளவும் இல்லை. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ எழுதுபவர் அதையே எழுதட்டும், எனக்குச் சண்டையில்லை. எது நிலைபெற வேண்டும் என்பதை மட்டும் அதுவும் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

'பசுமைச் சுற்றுலா', 'சூழல் சுற்றுலா' இரண்டும் இந்தப் போட்டிக்கே வரக் கூடாதவை. சூழல் சுற்றுலா என்பது ஒரு வகை: காடு, பறவை, அலையாத்தி என்று இயற்கையைத் தேடிப் போவது. நாம் பேசுவது எல்லா வகைக்கும் பொருந்தும் ஒரு நிபந்தனை. ஐநூறு அறை கொண்ட நகர விடுதிக்கும், கோயில் திருவிழாவுக்கும்கூட அது பொருந்தும். ஐ.நா.வின் சுற்றுலா அமைப்பே இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. மூங்கில் குடில் போட்டுக் கூரையில் கொடி படரவிட்டதும் 'பசுமை' என்று பலகை மாட்டுபவர்களுக்கு இந்தக் குழப்பம் வசதியாக இருக்கிறது.

என் தேர்வு 'வளங்குன்றா'. வளங்குன்றாச் சுற்றுலா. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வாடா மலர், அணையா விளக்கு போல. புணர்ச்சியில் ச் மிகும், அதை விட்டுவிடாதீர்கள். எது குன்றக் கூடாது என்பதை இந்தச் சொல் முதல் அசையிலேயே சொல்லிவிடுகிறது. கார்லோவிட்ஸின் காட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். வளம் என்றால் இயற்கை மட்டும்தானே, மூலக்கருத்தில் பொருளாதாரமும் சமூகமும் அடங்குமே என்பார்கள். நீர்வளம், மண்வளம் என்கிற நாவால்தான் மனிதவளம், சொல்வளம் என்றும் சொல்கிறோம். தமிழில் வளம் அத்தனை குறுகிய சொல்லல்ல. இன்னோர் எதிர்ப்பு கொஞ்சம் வலுவானது: எந்தச் சுற்றுலாவும் ஏதோ கொஞ்சம் குன்றத்தானே வைக்கும், 'குன்றா' என்பது பொய்யான வாக்குறுதி ஆகாதா? ஆகலாம். ஆனால் சொல் கறாராக இருந்தால்தான் பலகை மாட்டுபவரைப் பார்த்து, குன்றியிருக்கிறதே ஐயா என்று கேட்க முடியும். 'நிலையான' என்று எழுதியிருந்தால் கேட்க வழியே இல்லை. அவர் தொழில் நிலையாகத்தானே ஓடுகிறது?

இதே அறிக்கைகளில் இன்னும் சில சொற்கள் ஆளைக் கொல்கின்றன. 'டெஸ்டினேஷன் மேனேஜ்மென்ட்' என்பதை 'இலக்கு மேலாண்மை' என்று எழுதுகிறார்கள். இலக்கு என்றால் குறி. விற்பனைப் பிரிவுக்குப் பொருந்தும். 'தல மேலாண்மை' என்றால் தீர்ந்தது. சுற்றுலாத் தலம் என்று ஊரெல்லாம் சொல்கிறோமே! 'ஸ்டேக்ஹோல்டர்' பாவம், 'பங்குதாரர்' ஆகிவிட்டார். மீனவக் குப்பத்தில் கூட்டம் போட்டு, நீங்கள் எல்லாரும் இத்திட்டத்தின் பங்குதாரர்கள் என்றால், பங்கு எங்கே, இலாபம் எப்போது என்று கேட்க மாட்டார்களா? கேட்பதுதான் நியாயம். 'தொடர்புடையோர்' என்று எழுதலாம். கூட்டத்தில் பேசும்போது 'இதனால் பாதிக்கப்படுகிறவர்களும் பயனடைகிறவர்களும்' என்று விரித்தே சொல்லலாம். நீளம்தான், ஆனால் யாரும் ஏமாறமாட்டார்கள். 'ஹோஸ்ட் கம்யூனிட்டி'க்கு 'விருந்தோம்பும் சமூகம்' என்று இன்னொன்று. யார் ஓம்பினார்கள்? காசு கொடுத்து வந்தவர் வாடிக்கையாளர். அங்கே வாழ்பவர் ஊரார். அவ்வளவுதான்.

ஓர் இடம் எவ்வளவு கூட்டத்தைப் பொறுக்கும் என்பதைக் குறிக்கும் 'கேரியிங் கெபாசிட்டி'யைக் கொள்ளளவு என்பதும் பிழை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு கட்டப்பட்டது. அணைக்கு விளிம்பு உண்டு, ஆகவே கொள்ளளவு உண்டு. மலைக்கு விளிம்பு எங்கே இருக்கிறது? தண்ணீர், குப்பை, சாலை, யானை வழித்தடம் எல்லாம் சேர்ந்து எவ்வளவு பொறுக்கும் என்பதுதான் கேள்வி. அதற்குத் 'தாங்குதிறன்' என்ற நல்ல சொல் கைவசம் இருக்கிறது. கீழிருந்து தாங்கிப் பிடித்தல் என்ற அந்த லத்தீன் வேரும் இங்கேதான் பொருந்துகிறது.

கடைசியாக 'கன்சல்டன்சி'. தலைப்பில் வந்த 'கலந்தாலோசனை' என்பது ஊராரைக் கூட்டிக் கருத்துக் கேட்பது. கன்சல்டன்சி அதுவல்ல, துறை தெரிந்தவர் கூலி வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லும் தொழில். 'கலந்தாய்வு' என்றும் எழுத முடியாது. பொறியியல் கல்லூரி இடத்துக்கு வரிசையில் நின்ற தலைமுறைக்கு அந்தச் சொல்லின் பொருள் நெஞ்சில் பதிந்துவிட்டது. கன்சல்டன்சி என்று அப்படியே விட்டாலோ, நம் ஊரில் அது வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் மாடியறை. பழந்தமிழில் இதற்கு நேரான சொல் 'சூழ்தல்'. அரசனுக்கு எண்ணிச் சொல்பவர் சூழ்வார். 'சூழ்வார்கண் ணாக ஒழுகலான்' என்கிறது குறள். ஆனால் சூழ்ச்சி இன்று சதியாகிவிட்டது. சில திட்ட அறிக்கைகளைப் படித்தபின் 'சூழ்ச்சியாளர்' பொருத்தம்தான் என்று தோன்றினாலும், 'ஆலோசகர்' போதும். வடசொல் என்று ஒதுக்க விரும்புவோர் 'மதியுரைஞர்' என்று எழுதிக்கொள்ளட்டும்.

'சர்வதேச' என்ற அடையிலும் ஒரு சிக்கல். வளர்ச்சி வங்கிகள் பணம் தரும் திட்டங்களில் 'இன்டர்நேஷனல் கன்சல்டன்ட்' என்பது பெருமைப் பட்டமல்ல, ஒரு கூலிப் பிரிவு. திட்டம் நடக்கும் நாட்டைச் சேராதவர் என்று பொருள். அந்நாட்டவர் 'நேஷனல்' பிரிவில் வருவார். கம்போடியத் திட்டம் ஒன்றில் வேலை செய்யும் கோயம்புத்தூர்க்காரர் அங்கே முதல் பிரிவு. அவரே ஊட்டித் திட்டத்துக்கு வந்தால் இரண்டாம் பிரிவு. ஆகவே 'சர்வதேச ஆலோசகர்', 'தேசிய ஆலோசகர்' என்று எழுதி ஒருவரை உலகப் புகழுக்கும் மற்றவரை நாட்டுப் புகழுக்கும் உயர்த்த வேண்டாம். 'வெளிநாட்டு ஆலோசகர்', 'உள்நாட்டு ஆலோசகர்' என்று எழுதுங்கள். நான் முதலில் சொன்ன தலைப்பும் அப்போது 'வளங்குன்றாச் சுற்றுலா மேம்பாடு: வெளிநாட்டு ஆலோசகர் பணி' என்று ஆகும். 'வளர்ச்சி'யை எடுத்துவிட்டு 'மேம்பாடு' போட்டதற்குக் காரணம், மேம்பட வேண்டியது தரம், பெருக வேண்டியது எண்ணிக்கையல்ல என்பதுதான்.