தடைக்காலத்திலேயே வந்து போய்விட்டால்?

2020 ஏப்ரல். பாம்பனில் படகுகள் எல்லாம் சும்மா நின்றன. கொரோனா ஊரடங்கு ஒரு பக்கம், மீன்பிடித் தடைக்காலம் ஒரு பக்கம். என் மச்சான் விசைப்படகில் டிரைவர். கடலுக்குப் போகாத நாளில் அவனுக்குக் கை சும்மா இருக்காது. கிழிந்த வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண் கண்ணாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

"ஏன் மாப்ள, எப்படியும் எல்லாருக்கும் வரத்தான் போகுதுங்கிறாங்க. தடைக்காலத்துலயே நமக்கு வந்து போயிருச்சுன்னா அப்புறம் நிம்மதியாத் தொழிலுக்குப் போகலாம்ல? நமக்கென்ன, சுகரா, பிரஷரா?"

"கிறுக்கா உனக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது பதிலே இல்லை என்பது எனக்கே தெரியும். படித்தவர்களும் அப்போது இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இப்போது கட்டில் காலியாக இருக்கிறது, இரண்டு மாதம் கழித்து இருக்காது. ஆகவே உடம்பு நன்றாக இருப்பவர்கள் முந்திக்கொள்வது நல்லதுதானே என்று.

முதலில், மச்சானுக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வேண்டுமென்றே நோயை வரவழைத்துக்கொள்வது மனிதர்கள் நெடுங்காலம் செய்துவந்த காரியம். பெரியம்மை வந்தவரின் கொப்புளத்திலிருந்து சீழையோ பொருக்கையோ எடுத்து, நல்ல உடம்புக்காரரின் தோலைக் கீறி வைப்பார்கள். இந்தியாவிலும் துருக்கியிலும் இது உண்டு. 1721இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெரியம்மை பரவியபோது, தானாக நோய் கண்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேர் இறந்தார்கள். இப்படிக் கீறி வைத்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ 2 பேர். மூச்சு வழியாகப் போகும் கிருமி, தோல் வழியாகப் போனதில் உடம்புக்குத் தயாராக அவகாசம் கிடைத்தது.

ஆனால் அவர்களுக்குப் பெரியம்மையைப் பற்றி ஒரு விஷயம் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்திருந்தது: பிழைத்தவருக்கு மறுபடி வராது. அது நன்றாகப் பழகிய எதிரி. இன்னொன்று, கீறி வைத்துக்கொண்டவருக்கு லேசாக வந்தாலும், அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போவது முழுப் பெரியம்மைதான். அதனால் அவரை ஊரோடு சேர்க்காமல் ஒதுக்கி வைக்கவேண்டியிருந்தது. 1796இல் ஜென்னர் மாட்டம்மையை வைத்துத் தடுப்பு முறையைக் காட்டிய பிறகு இந்தப் பழைய முறை மெல்ல மறைந்தது. நோய் இல்லாமலே எதிர்ப்புச் சக்தி கிடைக்குமென்றால் யார் நோயைத் தேடிப் போவார்கள்?

1918 ஃப்ளூவும் ஓரளவு மச்சான் பக்கம்தான் பேசும். அந்த ஆண்டின் முதல் பாதியில் வந்த அலை லேசானது. அதில் படுத்து எழுந்தவர்களில் பலர் கடைசி மாதங்களில் வந்த கொடிய அலையில் தப்பினார்கள். சரி, முதல் அலையில் வாங்கிக்கொண்டவர்கள் புத்திசாலிகளா? இல்லை, அதிர்ஷ்டசாலிகள். அடுத்தது லேசாக வருமா, கொடியதாக வருமா என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதைவிட முக்கியம், அந்த ஃப்ளூ குறிவைத்தது 20 முதல் 40 வயது வரையிலான திடகாத்திரமானவர்களை. 'நமக்கென்ன, நல்லாத்தானே இருக்கோம்' என்று சொல்லக்கூடிய அதே ஆட்களை. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள். புதிய வைரஸ் யாரை விடும், யாரைப் பிடிக்கும் என்பது பாடைகளை எண்ணிய பிறகுதான் தெரியவரும்.

கொரோனாவைப் பொறுத்தவரை இளைஞர்கள் பக்கம் அதிர்ஷ்டம் இருந்தது. தடுப்பூசிக்கு முந்தைய கணக்குப்படி, தொற்றியவர்களில் 25 வயதில் பத்தாயிரத்துக்கு ஒருவர் இறந்தார். 65 வயதில் நூற்றுக்கு ஒன்றரைப் பேர் அளவில். மச்சானுக்கு அப்போது வயது 31. அவன் அம்மாவுக்கு 63. இருவரும் தூங்குவது ஒரே அறையில், ஒரே மின்விசிறியின் கீழ்.

'கொஞ்சமாக வாங்கிக்கொண்டால் கொஞ்சமாகத்தானே வரும்' என்று ஒரு வாதமும் உண்டு. இதை உண்மையிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2021இல் லண்டனில் 18 முதல் 30 வயது வரையுள்ள, எந்த நோயும் இல்லாத 36 பேர் முன்வந்தார்கள். ஒவ்வொருவர் மூக்கிலும் மிகமிகக் குறைந்த அளவு வைரஸ் விட்டார்கள். நோயாளி தும்மும்போது தெறிக்கிற, கண்ணுக்கே தெரியாத ஒரு துளியில் இருக்கும் அளவு. 18 பேருக்குத் தொற்றியது. இரண்டு நாளுக்குள் தொண்டையில் தெரிந்தது, ஐந்தாம் நாள் வாக்கில் மூக்கில் உச்சம். அப்போது ஒரு மில்லிலிட்டர் சளியில் கோடிக்கணக்கில் வைரஸ். ஆரம்பித்தது துளி, முடிந்தது வெள்ளம். வைரஸ் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் சாமான். கொஞ்சமாக உள்ளே விட்டால் கொஞ்சமாகவே நிற்க அது உப்பு இல்லை. யாருக்கும் ஆபத்தில்லாமல் முடிந்தது. ஆனால் 13 பேருக்கு வாசனை போனது, அதில் மூன்று பேருக்கு மூன்று மாதம் கழித்தும் முழுதாகத் திரும்பவில்லை. நாள்தோறும் சோதித்துப் பார்த்துக்கொண்டு, மருத்துவர்கள் கண் முன்னே, பூட்டிய அறையில் நடந்தது இது. பாம்பன் கரையில் அந்த வசதி எங்கே?

'ஒரு தடவை வந்தால் போதும்' என்பதற்கு வருவோம். நம் உடம்பு ஒரு கிருமியை முதல்முறை பார்க்கும்போது, அதற்குப் பொருந்துகிற எதிர்ப்பொருளை உருவாக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதன்பின் சில செல்கள் அந்த முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். தட்டம்மைக்கு அந்த நினைவு ஆயுள் முழுக்க நிற்கும். சாதாரணச் சளிக்குக் காரணமான கொரோனா வகைகளுக்கு நிற்காது. நெதர்லாந்தில் ஆரோக்கியமான 10 ஆண்களின் ரத்தத்தைப் பல்லாண்டுகள் எடுத்து வைத்துப் பார்த்ததில், ஓராண்டு ஆனாலே அதே வகை மறுபடி வருவது சகஜமாக இருந்தது. போதாததற்கு வைரஸ் வேறு முகத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது.

இன்னும் மோசமான சாத்தியம் ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ள நம் வீட்டுக் கொல்லையில் இருக்கும் பிளாஸ்டிக் டிரம்மைப் பார்த்தால் போதும். ராமநாதபுரம் ஜில்லாவில் குழாயில் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்தால்தான் உண்டு. டிரம், குடம், தொட்டி எல்லாம் நிரம்பி நிற்கும். டெங்குக் கொசுவுக்கு அதுதான் பிரசவ வார்டு. டெங்குவில் நான்கு வகை. முதலில் ஒரு வகை வந்தால், அந்த வகை பெரும்பாலும் மறுபடி வராது. ஆனால் இரண்டாவதாக வேறொரு வகை வந்தால், முதல்முறையைவிடக் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். பழைய எதிர்ப்பொருள் புதிய வகையின்மேல் ஒட்டிக்கொள்கிறது, ஆனால் செயலிழக்க வைக்க முடிவதில்லை. அந்தக் கூட்டோடு சேர்த்தே நம் ரத்தத்தின் காவல் செல்கள் விழுங்க, வைரஸ் உள்ளே போய்ப் பெருகுகிறது. திருடனைப் பிடித்துவந்த காவலாளியே அவனை வீட்டுக்குள் கொண்டுவந்து விட்ட கதை. 2016இல் பிலிப்பைன்ஸில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு டெங்குத் தடுப்பூசி போட்டார்கள். முன்பு டெங்குவே வராத பிள்ளைகளுக்கு அந்த ஊசி முதல் தொற்றைப் போல வேலை செய்து, பின்னால் நிஜ டெங்கு வரும்போது ஆபத்தைக் கூட்டக்கூடும் என்று 2017 நவம்பரில் தயாரித்த நிறுவனமே சொல்லவேண்டி வந்தது. புதிதாக வந்த வைரஸ் தட்டம்மை ஜாதியா, டெங்கு ஜாதியா என்று முதல் மாதத்தில் யார் சொல்ல முடியும்?

'வந்து போயிரும்' என்பதிலும் 'போயிரும்' சந்தேகம்தான். சின்னம்மை போவதே இல்லை. தண்ணீர் ஊற்றி, வாசலில் கட்டிய வேப்பிலையை அவிழ்த்த பிறகும் அந்த வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒளிந்துகொண்டிருக்கும். முப்பது, நாற்பது வருடம் கழித்து, உடம்பு தளரும்போது, விலாவில் ஒரு பட்டையாகக் கொப்புளம் கிளப்பிக்கொண்டு வரும். அதுதான் நாம் அக்கி என்பது. மண்பாண்டம் செய்பவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவியால் 'அக்கி எழுதி' வருவார்களே, அது. (எழுதுவதால் வைரஸ் போவதில்லை. ஆனால் ஈரக் காவி அந்த எரிச்சலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்று என் பாட்டி சத்தியம் செய்வாள்.) சின்ன வயதில் வந்த அம்மைக்கு அறுபது வயதில் வட்டி கட்டுகிற கதை. சிக்குன்குனியா வந்து காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டும், மூட்டுவலி மாதக்கணக்கில் விடாமல் துடுப்பைப் பிடிக்க முடியாதவர்களை 2006க்குப் பிறகு நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம்.

எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறு. புதிய நோயில் காலம் நம் பக்கம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் உலகெங்கும் மருத்துவர்கள் இருட்டில் தடவிக்கொண்டிருந்தார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரைக்கு அடிதடியாக இருந்தது. அதனால் பயனில்லை என்று ஜூனில் தெரிந்தது. அதே ஜூனில்தான் டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு மருந்து, வென்டிலேட்டரில் இருப்பவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருப்பவர்களின் சாவை ஐந்தில் ஒரு பங்கும் குறைக்கிறது என்று பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. 2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் தடுப்பூசி தொடங்கியது. ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்ததே 2022 ஜனவரியில்தான். 2020இல் பாம்பனில் ஒருவருக்கு மூச்சு முட்டினால், கைவிடும் கட்டத்தில் மதுரைதான். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். முந்திக்கொண்டு நோயை வாங்கியவருக்குக் கிடைப்பது, அந்த நோய்க்கான மிக மட்டமான வைத்தியம்.

காலிக் கட்டில் கணக்கும் உதைக்கிறது. ராமேஸ்வரத்துக்கு ஆடி அமாவாசைக்கு வருகிறவர்கள் எல்லாரும், 'கூட்டம் வருமுன் விடிகாலை நாலு மணிக்கே அக்னி தீர்த்தத்தில் முங்கிவிடலாம்' என்று வருவார்கள். நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள், கால் வைக்க இடமிருக்காது. நோயில் இது இன்னும் மோசம். கூட்டமாவது வந்தவர்களோடு நிற்கும், வைரஸ் இரட்டிக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டித்தால், வேண்டுமென்று வாங்கிக்கொண்ட 10 பேர் ஒரே மாதத்தில் 10,000 பேர் ஆகிவிடுவார்கள். கொள்ளைநோயின் முதல் வாரத்தில் தொற்றிய ஒருவருக்குப் பின்னால் இருக்கும் சங்கிலிதான் எல்லாவற்றிலும் நீளம். கொரோனா காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்பே அடுத்தவருக்குப் பரவும். மச்சான் படகில் ஆறு பேர். ஒரே சட்டியில் சோறு, ஒரே கேபினில் தூக்கம். இரண்டு நாள் போதும்.

இந்தக் கரைக்கு ஒதுக்கி வைப்பது புதிதும் இல்லை. மண்டபம் கேம்ப் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் இருக்கிறதே, அந்த கேம்ப் அகதிகள் முகாமாவதற்கு முன், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கப்பலேறப் போன கூலிகளைச் சில நாள் நிறுத்திவைத்து, காலராவும் பெரியம்மையும் இல்லை என்று பார்த்து அனுப்பிய இடம். தொழிலாளிமேல் கொண்ட அக்கறையால் அல்ல, தோட்டத்துரைகள் தங்கள் தோட்டத்தைக் காத்துக்கொள்வதற்காக. இருந்தாலும் நோய் ஆளோடு கடல் தாண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மச்சானுக்குக் கடைசியில் 2022 ஜனவரியில் வந்தது. இரண்டு ஊசியும் போட்டிருந்தான். மூன்று நாள் காய்ச்சல், ஒரு வாரம் கருவாட்டு வாசனை தெரியவில்லை, அவ்வளவுதான். அம்மாவும் ஊசி போட்டிருந்தாள்; அவளுக்கு வெறும் தும்மல். உடம்பு தேறி வலையை மடித்துக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தான்.

"பாத்தியா மாப்ள, சும்மா ஜலதோசம் மாதிரி வந்து போயிருச்சு. இதைத்தானே அன்னைக்கே சொன்னேன்!"