பி கல வாங்கி: ஒரு சொல் விளக்கம்

யாழ்ப்பாணத்தில் உயர்தர உயிரியல் படிப்பவருக்கு ரிசெப்டர் என்றால் வாங்கி. தமிழ்நாட்டில் அதுவே ஏற்பி. அங்கே செல், இங்கே கலம். அங்கே எலும்பு மஜ்ஜை, இங்கே என்பு மச்சை. ஆக, பி செல் ரிசெப்டர் எங்களுக்குப் பி கல வாங்கி. பி கலம் என்பது கிருமிகளை எதிர்க்கும் பிறபொருளெதிரி (அங்கே ஆன்டிபாடி) என்ற புரதத்தை ஆக்கும் வெண்குருதிக் கலம்; பிறபொருளைப் பிடிக்க அதன் மேற்பரப்பில் நிற்பதே இந்த வாங்கி.

ரிசெப்டர் என்ற சொல்லின் மூலம் இலத்தீன், ‘ரெசிபேரே’ என்றால் பெற்றுக்கொள்ளுதல். 1900 இல் நிர்ப்பீடனவியலுக்குள் (நோயெதிர்ப்பு பற்றிய துறைக்குள்) இச்சொல்லைக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் பவுல் எர்லிக். கலத்தின் மேற்பரப்பில் நஞ்சைப் பிடிக்கும் கைகள் உண்டு, அவை மிகுந்து குருதியில் கழன்று விழுவதே பிறபொருளெதிரி என்பது அவர் கருத்து. பி கலத்தைப் பொறுத்தவரை பெரிய பிசகில்லை: அதன் வாங்கியும் அது பின்னர் சுரக்கும் பிறபொருளெதிரியும் ஒரே பரம்பரையலகுகளின் (ஜீன்களின்) விளைவு.

‘பி’ வந்தது கோழியிலிருந்து. கோழியின் கழிவுவாசலருகே உள்ள பெப்ரீசியசின் ‘பர்சா’ என்ற பையைக் குஞ்சிலேயே அகற்றினால் பிறபொருளெதிரி சரியாக உண்டாவதில்லை என்று புரூஸ் கிளிக் குழுவினர் 1956 இல் எழுதினர். மனிதருக்கு அந்தப் பை இல்லை, பி கலம் உருவாவது என்பு மச்சையில்தான். ஆங்கிலத்தில் அதற்கும் முதலெழுத்து பி என்பதால், அதுதான் காரணம் என்று சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு!

சரி, இந்த வாங்கி என்ன செய்கிறது? வாங்கி என்பது பாரச் சங்கிலி, இலேசான சங்கிலி என்ற இருவகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது. மச்சையில் வளரும் கலம் முதலில் பாரச் சங்கிலியை மட்டும் ஆக்குகிறது. இலேசான சங்கிலி இன்னும் தயாரில்லை. அதனிடத்தில் ஒரு பதிலி நிற்கும். இந்த அரைகுறை வாங்கியிலிருந்து சமிக்ஞை போனால்தான் கலம் பெருகும், இல்லையேல் அங்கேயே சாகும். அச்சமிக்ஞையைக் கடத்தும் புரதங்களில் ஒன்று பிரிகே (BTK). அது பழுதான ஆண்பிள்ளைகளில் பி கலமே அரிது. ஒக்டன் புரூட்டன் 1952 இல் விவரித்த நோய் இது; பழுதான பரம்பரையலகு 1993 இல்தான் அகப்பட்டது.

முழு வாங்கி வந்த பின்னும் சோதனை உண்டு. சொந்த உடலின் பொருளை அது இறுகப் பிடித்தால், கலம் இலேசான சங்கிலியை மாற்றிப் பார்க்கும். அப்படியும் சரிவராவிட்டால் அழியும், அல்லது முடங்கும்.

முதிர்ந்த கலத்தில்தான் விடயம் சுவையாகிறது. எதையும் பிடிக்காமல் சும்மா நிற்கும்போதும் வாங்கி மெல்லிய சமிக்ஞையை உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கும். 1997 இல் எலிகளில் முதிர்ந்த பி கலங்களின் வாங்கியை நீக்கிப் பார்த்தார்கள், கலங்கள் இறந்தன.

ஏற்பியா வாங்கியா என்றால் என் வாக்கு வாங்கிக்கே. பழந்தமிழில் வாங்குதல் என்பது வளைத்தல், இழுத்தல். பி கலமும் பிடித்த பொருளை உள்ளே இழுத்து, துண்டாக்கி, ரி கலம் (அங்கே டி செல்) என்ற இன்னொரு வகை வெண்குருதிக் கலத்துக்குக் காட்டுகிறது. ஏற்பியில் அந்த இழுவை இல்லை.

எழுதும்போது வெறும் ‘வாங்கி’ என்று விட்டுவிட வேண்டாம். பி கலம் பிழைத்திருக்கப் ‘பாஃப்’ என்ற புரதமும் வேண்டும். அது வந்து ஒட்டுவது அதே கலத்திலுள்ள வேறொரு வாங்கியில்.