பையில் ஒரு சிவப்பு மணி

‘நூறாண்டு வெள்ளம்’ ஒன்று வந்து வடிந்த பிறகு, இனி நம் காலத்தில் இப்படி வராது என்று பலரும் நிம்மதி அடைகிறார்கள். ஆபத்தான நிம்மதி அது. அத்தகைய வெள்ளம் எந்த ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு இருக்கிறது. போன ஆண்டு வந்ததால் அது குறைந்துவிடாது.

வெள்ள அபாயமுள்ள ஊர்களில் பெரியவர்களுக்கு நடத்தும் பயிற்சி வகுப்பில் இதை விளக்க ஒரு பை போதும். உள்ளே 99 வெள்ளை மணிகள், ஒரு சிவப்பு மணி. பார்க்காமல் ஒன்றை எடுத்து, நிறத்தைக் குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். ஒருமுறை எடுத்தால் ஓராண்டு. 30 முறை எடுப்பதற்குள் சிவப்பு வர 26 சதவீத வாய்ப்பு உண்டு. இருபது குழுக்கள் எடுத்தால், ஏறத்தாழ ஐந்து குழுக்களுக்கு வந்துவிடும். பிறகு ஒரு வெள்ளையை அகற்றி இன்னொரு சிவப்பைப் போடுங்கள். வாய்ப்பு 45 சதவீதமாகிறது. வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். பெருமழை மேலும் பெருமழையாகும். பையில் சிவப்பு கூடுவது இப்படித்தான்.

பெரியவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. தண்ணீர் முதலில் எங்கே ஏறும், யாரைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும் என்பது அவர்களுக்கே தெரியும். எந்த வரைபடத்திலும் அது இருக்காது. ஆனால் எவ்வளவு ஏறும் என்ற கணிப்பு பழைய பருவநிலையில் பழகியது. அதைத் தவறு என்று சொன்னால் காதை மூடிக்கொள்வார்கள். தம் கையாலேயே மணியை எடுத்தால் தாமே யோசிப்பார்கள்.

அடுத்த பயிற்சி, அம்புக்குறி வரைவது. வெள்ளத்தடுப்புக் கரை எழுப்பினால் சிறு வெள்ளங்கள் நிற்கும். நின்றால் பயம் போகும், பின்புறம் வீடுகள் பெருகும். கரையை மீறும் நாளில் சேதம் முன்பைவிடப் பெரிதாகும், இன்னும் உயரமான கரை கேட்பார்கள். அம்பு தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும். அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் வைட் 1940-களிலேயே எச்சரித்த சிக்கல் இது. கரைகளே கூடாது என்பதல்ல. ‘கரை போதுமா?’ என்று மட்டும் கேட்டவர்கள், ‘அங்கே வீடு கட்டத்தான் வேண்டுமா?’ என்றும் கேட்கத் தொடங்க வேண்டும். என் பார்வையில், இந்த இரண்டாவது கேள்விதான் பயிற்சியின் உயிர்.

எதிர்காலம் உறுதியாகத் தெரியாதபோது முடிவெடுப்பதும் பழகவேண்டிய ஒன்றே. லண்டனைக் காக்கும் ‘தேம்ஸ் முகத்துவாரம் 2100’ திட்டம் எல்லாவற்றையும் இன்றே கட்டச் சொல்லவில்லை. கடல்மட்டத்தைத் தொடர்ந்து அளந்து, அதற்கேற்ப அடுத்த வழியைத் தேர்கிறது. சிறிய குடியிருப்பும் இதைச் செய்யலாம். நீர் எந்தக் குறியைத் தொட்டால் எந்த வேலையைத் தொடங்குவது, அது முடிய எத்தனை ஆண்டாகும், அளவை யார் பார்ப்பது என்று பயிற்சியின்போதே எழுதிவிட வேண்டும்.