மேன்ஹண்ட்: மனித வேட்டை அல்ல

தப்பியோடிய ஒருவரைப் பிடிக்கப் போலீஸார் பெரும்படையோடு தேடுவதை ஆங்கிலத்தில் ‘மேன்ஹண்ட்’ என்கிறார்கள். தமிழில் இதைச் சிலர் ‘மனித வேட்டை’ என்று எழுதுகிறார்கள். மேன் என்றால் மனிதன், ஹண்ட் என்றால் வேட்டை, கணக்கு சரி. ஆனால் ‘மனித வேட்டை’ என்று படித்ததும் மனிதர்களை யாரோ கொன்று குவிக்கிறார்கள் என்றுதான் தமிழருக்குத் தோன்றும். அதாவது, குற்றவாளி செய்த வேலை போலீஸாரின் பெயரில் ஏறிவிடுகிறது.

2019 ஜூலையில் கனடாவில் நடந்ததை வைத்துப் பார்ப்போம். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடகோடியில், அலாஸ்கா நெடுஞ்சாலை ஓரமாக, ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவரும் அவருடைய அமெரிக்கக் காதலியும் ஜூலை 15 அன்று சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். நான்கு நாள் கழித்து, அங்கிருந்து சுமார் 470 கி.மீ. தள்ளி, டீஸ் லேக் ஊருக்கு அருகே 64 வயதுத் தாவரவியல் விரிவுரையாளர் ஒருவரின் உடல் கிடைத்தது. பக்கத்திலேயே ஒரு வண்டி எரிந்து கிடந்தது. அந்த வண்டியில் வந்த 19, 18 வயது இளைஞர்கள் இருவரைக் காணவில்லை. அவர்களுக்கும் ஏதோ ஆபத்து என்றே முதலில் போலீஸார் நினைத்தார்கள். ‘காணாமல் போனவர்கள்’ என்று அறிவித்துத் தேடினார்கள். ஜூலை 23 அன்று அதே இருவரைச் ‘சந்தேக நபர்கள்’ என்று அறிவித்தார்கள்.

தமிழின் ‘தேடு’ என்ற வினை இந்த இரண்டு கட்டத்துக்கும் பொருந்துவதைக் கவனியுங்கள். காணாமல் போன பிள்ளையையும் தேடுகிறோம், தப்பி ஓடிய கொலையாளியையும் தேடுகிறோம். ‘காணவில்லை’ அறிவிப்பிலிருந்து ‘தேடப்படும் நபர்’ அறிவிப்புக்கு மாறும்போது தேடுபவரின் பார்வைதான் மாறுகிறது, வினை மாறுவதில்லை. ‘வேட்டை’க்கு இந்த இடம் கிடையாது. காணாமல் போனவரை யாரும் வேட்டையாட மாட்டார்கள்.

ஆங்கிலச் சொல்லின் பின்கதையும் நல்லதல்ல. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், தப்பியோடிய அடிமைகளை நாய்களை விட்டுத் துரத்திப் பிடித்ததை அடிமைமுறைக்கு எதிரானவர்கள் ‘மனிதர்களை வேட்டையாடுவது’ என்றே சொல்லிக் கண்டித்தார்கள். போலீஸ் செய்திச் சொல்லாக அது பழகிப்போன பிறகு அந்த உறுத்தல் மறைந்துவிட்டது. அந்த உறுத்தலைத் தமிழுக்கு நாம் புதிதாக இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

சரி, நம் ‘வேட்டை’ என்ன சொல்கிறது? சங்கப் பாடல்களில் இது ‘வேட்டம்’. காட்டில் விலங்கைத் தேடிப் போவதும் வேட்டம்தான், நெய்தல் நிலத்துப் பரதவர் கடலில் மீன் பிடிக்கப் போவதும் வேட்டம்தான். இன்றைய பேச்சில் வாக்கு வேட்டை, வசூல் வேட்டை, பதக்க வேட்டை என்று அது பரவிவிட்டது. இந்தத் தொடர்களில் முன்னால் நிற்கும் சொல்தான் இரை. வாக்கு வேட்டையில் வாக்கு இரை, கஞ்சா வேட்டையில் கஞ்சா இரை. அப்படியானால் மனித வேட்டையில் மனிதன் இரை. நம் காது அப்படித்தான் கேட்கும்.

‘தேடுதல் வேட்டை’ வேறு வகை. அதில் தேடுதல் என்பது இரையல்ல, செய்யும் முறை. வீரப்பன் 2004 அக்டோபர் 18 அன்று சுட்டுக் கொல்லப்படும் வரை, சத்தியமங்கலம் காட்டுச் செய்திகளில் இந்தத் தொடரை ஆண்டுக்கணக்கில் படித்தோம். அது நிலைத்துவிட்ட வழக்கு, பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. அந்த வேட்டையின் பேரில் மலைக்கிராமத்து மக்கள் பட்ட சித்திரவதைகளைத் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு முன் அவர்களே வந்து சொன்னார்கள். வேட்டை என்று பெயர் வைத்துவிட்டால் வழியில் நிற்பவரும் இரையாகத் தெரிவார்.

இலங்கைத் தமிழில் ‘சுற்றிவளைப்பு’ என்ற சொல் உண்டு. அது ஓர் இடத்தை மடக்கிச் சோதிப்பது. ஆள் எங்கே என்றே தெரியாதபோது அது பொருந்தாது.

கனடாவில் அதுதான் நிலைமை. அந்த இருவரும் கடைசியாக ஓட்டிய கார், மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், மனிடோபா மாகாணத்தின் கில்லம் என்ற சிற்றூருக்கு அருகே எரிந்து கிடந்தது. சுற்றிலும் சதுப்பு, அடர்ந்த புதர், கொசுக்கூட்டம். அங்கே போக ஒரே சாலைதான். டிரோன், மோப்ப நாய், விமானப்படை விமானம் எல்லாம் வைத்து 11,000 சதுர கி.மீ. பரப்பைத் தேடினார்கள். ஆகஸ்ட் 7 அன்று நெல்சன் ஆற்றின் கரையருகே, எரிந்த காரிலிருந்து 8 கி.மீ. தூரத்தில் இருவரின் உடல்களும் கிடைத்தன. ஒருவர் மற்றவரைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்ததாகப் போலீஸார் கருதுகிறார்கள். கொலைகளை ஒப்புக்கொண்டு அவர்கள் பதிவு செய்த வீடியோக்களில் வருத்தமும் இல்லை, காரணமும் இல்லை என்று போலீஸார் பிறகு தெரிவித்தார்கள்.

இந்தக் கொலைகளை ஆங்கிலத்தில் ‘கில்லிங் ஸ்ப்ரீ’ என்று எழுதினார்கள். ஸ்ப்ரீ என்றால் முதலில் குடித்துக் கும்மாளமிடுவது. தமிழில் ‘அடுத்தடுத்த கொலைகள்’ போதும். இடைவெளி விட்டுச் செய்வதற்குத் ‘தொடர் கொலை’ இருக்கிறது. ‘கொலைவெறியாட்டம்’ வேண்டாம், கொலைக்குள் ஆட்டம் எதற்கு?

மேன்ஹண்ட்டுக்கு வருவோம். ‘பெருந்தேடல்’ என்று யோசித்தேன், ஞானத்தைத் தேடிப் புறப்பட்ட மாதிரி ஒலிக்கிறது. நம் செய்தித்தாள்களில் ஏற்கெனவே நல்ல தொடர் இருக்கிறது: ‘போலீஸார் வலைவீசித் தேடி வருகிறார்கள்’. பரதவரின் வலைதான். வலையில் சிக்குவது உயிரோடு சிக்கும், நீதிமன்றத்துக்கும் போகும். தலைப்புக்கு ‘இருவருக்கு போலீஸ் வலை’ என்றால் போதும், சின்னக் குழந்தைக்கும் புரியும். கில்லம் போல ராணுவமும் சேர்ந்து தேடும் அளவு பெரிதானால் ‘தீவிரத் தேடுதல்’ என்று எழுதி, எத்தனை சதுர கி.மீ. என்று அடுத்த வரியில் சொல்லிவிடலாம்.