வாசல் பாத்தியின் மண் ஏன் கல்லாகிறது?

கேட்டுக்குப் பக்கத்தில், காம்பவுண்டு சுவரை ஒட்டி ஆறடி நீளத்துக்கு ஒரு பாத்தி. வீடு கட்டிய புதிதில் ஆசையாக இட்லிப்பூச் செடி வைத்திருப்பார்கள். அப்புறம் யாரும் அதைக் கவனிப்பதில்லை. சில வருடங்களில் கோரையும் வெளிறிய நாலு இலையும்தான் மிச்சம். உடனே உரம் வாங்க ஓடுகிறோம். ஆனால் அந்த மண்ணுக்கு முதலில் வேண்டியது காற்று.

நல்ல தோட்டமண்ணில் ஏறக்குறைய பாதி, துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான். தண்ணீரும் காற்றும் அங்கேதான் தங்கும். வேரும் மூச்சுவிடும் உயிர்தானே, அதற்கும் ஆக்ஸிஜன் வேண்டும். மூடாமல் கிடக்கும் மண்ணில் பெரிய மழைத்துளி மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. அந்த அடியில் மண் குருணைகள் உடைந்து, மாவு போன்ற துகள்கள் இடைவெளிகளை அடைத்துவிடும். காய்ந்ததும் மேலே ஓடு கட்டும். பிறகு ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்காமல் தெருவுக்கு ஓடும்.

உங்கள் மண் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஒரு கண்ணாடி டம்ளர் போதும். சுண்டைக்காய் அளவு மண்கட்டியை நன்றாகக் காயவைத்து, தண்ணீரில் மெல்ல விடுங்கள். தண்ணீர் வேகமாக உள்ளே புகும்போது கட்டிக்குள் இருக்கும் காற்று நெருக்கப்பட்டு வெடித்து வெளியேறப் பார்க்கும். நுண்ணுயிர்கள் சுரக்கும் பசையும் பூஞ்சை இழைகளும் கட்டியைப் பிடித்து வைத்திருந்தால் அது கரையாமல் நிற்கும். நொடியில் கரைந்து சேறானால் அந்தப் பசை தீர்ந்துவிட்டது என்று பொருள்.

சரி, இட்லிப்பூ ஏன் வெளிறியது? இலையைக் கூர்ந்து பாருங்கள். நுனியில் இருக்கும் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைதான். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறை என்றால் மஞ்சள் அடியிலைகளில் தொடங்கும், ஏனென்றால் செடி பழைய இலையிலிருந்து தழைச்சத்தை எடுத்துப் புது இலைக்குக் கொடுத்துவிடும். இரும்பை அப்படி இடம் மாற்ற அதற்கு முடியாது. இதில் எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு: செம்மண்ணின் சிவப்பே இரும்புதான், அதில் நின்றுகொண்டே செடி இரும்புக்குத் தவிக்கிறது! சுவர் கட்டியபோது கொட்டிய சிமெண்டுக் கலவையும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கிவிடும். காரமண்ணில் இரும்பு கரையாது, கரையாததை வேர் உறிஞ்ச முடியாது. உப்புப் படிய வைக்கும் போர் தண்ணீரும் இதைக் கூட்டும். ஒரு பிடி மண்ணில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் இட்லிப்பூவைத் தொட்டிக்கு மாற்றிவிடுவதே நல்லது என்பேன். சங்குப்பூ அந்த மண்ணைத் தாங்கும், வேர் முடிச்சுகளில் தழைச்சத்தும் சேர்க்கும்.

கோரையை மேலே பிடித்து இழுப்பதில் பயனில்லை. மண்ணுக்குள் அதன் கிழங்குகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். தலையைக் கிள்ளினால், உறங்கிக்கொண்டிருந்த மொட்டுகள் முளைக்கத் தொடங்கும். மண் ஈரமாக இருக்கும்போது ஒரு சாண் ஆழம் கிளறி, கிழங்கோடு பொறுக்கி எடுக்க வேண்டும். மறுபடி முளைக்கும், மறுபடியும் எடுக்க வேண்டும். கிளறும்போதே செங்கல் துண்டு, காரைக்கட்டி எல்லாவற்றையும் வெளியே போட்டுவிடலாம்.

அதன்பிறகு நன்றாக மக்கிய தொழுவுரத்தை இரண்டு அங்குலம் பரப்பி மண்ணோடு கலந்துவிடுங்கள். அதன்மேல் சருகு மூடாக்கு. சருகை மண்ணுக்குள் புதைக்க வேண்டாம். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ளும், செடி பட்டினி கிடக்கும். மேலே கிடந்தால் அந்தப் போட்டி பெரிதாக இராது. மழைத்துளியின் அடியையும் சருகே வாங்கிக்கொள்ளும். அடியில் ஈரம் நின்றால் மண்புழு தானாக வரும், அது போகிற வழியெல்லாம் காற்றுக்கும் தண்ணீருக்கும் வழி.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் அதே பாத்தியிலிருந்து இன்னொரு மண்கட்டியை எடுத்துக் காயவைத்து டம்ளரில் விட்டுப் பாருங்கள். இந்த முறை கரைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எண்ணுங்கள்.