எடை குறைத்த ஃபிளைவீலும் மலைப்பாதையும்

குன்னூரில் பட்டறை வைத்திருக்கும் என்னிடம், கிளட்ச் கருகிய வாடையுடன் வரும் வெளியூர்க் கார்களில் சில, சமவெளியில் எடை குறைத்த ஃபிளைவீல் (என்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம்) மாட்டப்பட்டவை. என்ஜினில்தான் கோளாறு என்று அவற்றின் ஓட்டுநர்கள் உறுதியாக நம்புகிறார்கள்.

கிளட்சை விடும் நொடியில், நிற்கும் காரை நகர்த்தக் கைகொடுப்பது ஃபிளைவீல் சுழற்சியில் சேர்ந்திருக்கும் ஆற்றல். அது சுழலும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஃபிளைவீலின் சுழல் நிலைமம் (சுழற்சி மாறுவதை எதிர்க்கும் தன்மை) பாதியானால், நிமிடத்துக்கு 1000 சுற்றில் கிடைத்த அதே சேமிப்புக்கு ஏறத்தாழ 1400 சுற்று வேண்டும். போதாததற்கு, 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. டர்போ (காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இல்லாத என்ஜினின் இழுவையும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

கடந்த சீசனில் வந்த ஓர் இளைஞர், பர்லியாறுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில், முன்னால் பேருந்து நின்றதால் காரை நிறுத்தியிருக்கிறார். மறுபடி எடுக்கும்போது என்ஜின் மூன்று முறை நின்று, கார் பின்னால் உருண்டிருக்கிறது. அந்தப் பயத்தில் குன்னூர் வரை, நிறுத்தும் இடமெல்லாம் ஹாஃப் கிளட்சிலேயே, அதாவது கிளட்சைப் பாதி மிதித்தபடியே, காரைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். மெலிந்த ஃபிளைவீல் உராய்வின் சூட்டை உள்வாங்கும் அளவும் குறைவு என்பதால், கிளட்ச் பிளேட் கருகிப்போயிருந்தது.

இத்தகைய காரை மேட்டில் எடுக்கும்போது ஹேண்ட் பிரேக் கட்டாயம் வேண்டும். முதலில் ஆக்ஸிலேட்டரை மிதித்து 1500 சுற்றுக்குக் கொண்டுவந்து, கிளட்ச் பிடிக்கத் தொடங்கி காரின் முன்பக்கம் லேசாக எழும்பும்போது பிரேக்கை விடுவித்து, கார் நகர்ந்ததும் கிளட்சிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிட வேண்டும்.

இறக்கத்தில் காரின் வேகத்தைத் தடுக்கும் என்ஜினின் பிடிமானம் இதனால் குறைந்துவிடுமோ என்று பலர் கேட்கிறார்கள். குறையாது, அது சிலிண்டர்களுக்குள் காற்றை இழுத்துத் தள்ளும் சிரமத்தாலும் உராய்வாலும் வருவது. ஆனால் கியரைக் குறைக்கும்போது, கிளட்ச் மிதித்த கணத்திலேயே சுற்று சரிந்துவிடுவதால், ஆக்ஸிலேட்டரைச் சற்றுத் தட்டாமல் கிளட்சைச் சட்டென விட்டால், மூடுபனியில் நனைந்த வளைவில் சக்கரம் வழுக்கக்கூடும்.

கார் வந்தபோதிருந்த வார்ப்பிரும்பு ஃபிளைவீலையே லேத்தில் கடைந்து மெலிதாக்கும் வேலையை மட்டும் நான் ஒருபோதும் ஏற்பதில்லை. அதிவேகத்தில் அது வெடித்தால், சிதறும் துண்டுகள் கியர்பாக்ஸ் கூட்டைப் பிளந்து ஓட்டுநரின் கால்வரை பாயும்.

அந்த இளைஞரின் பழைய ஃபிளைவீல் வீட்டில் பத்திரமாக இருந்தது. அதை வரவழைத்து, புதிய கிளட்ச் பிளேட்டுடன் மாட்டிக்கொடுத்தேன்.